ரோடு ரோலர் நல்லகாமன் எழுதிய காதல் நாவல்

நல்லகாமன் வாழ்நாளில் ஓட்டிய ஒரே வண்டி ரோடு ரோலர். சைக்கிள்கூட அவருக்கு ஒத்துவராது; ரொம்ப வேகமாகப் போகிறது என்று பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். மணிக்கு நாலு மைல் வேகத்தில் முப்பத்தாறு வருஷம் உலகத்தைப் பார்த்த மனுஷருக்கு அவசரம் எங்கிருந்து வரும்? காபியை ஆறவிடுவார், ஆறிப்போச்சு என்று சூடுபண்ணச் சொல்லுவார், அதையும் ஆறவிட்டுத்தான் குடிப்பார். அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்று மதுரைக் கோச்சடை வீட்டில் உட்கார்ந்ததும் காதல் நாவல் எழுத ஆரம்பித்துவிட்டார். தெருவே சிரித்தது. அவர் மனைவி செல்லத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

சரித்திர நாவல் என்று அவர் சொல்லிக்கொண்டார். கதை நடப்பது 1988இல். அது எப்படிச் சரித்திரம் ஆகும் என்று யாராவது கேட்டால், அப்போது என் தலை நிறைய முடி இருந்தது, அது சரித்திரம்தானே என்பார். கேட்டவர்கள் அந்தத் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு ஒப்புக்கொள்வார்கள்.

இருபத்து நாலு வயசில் எழுமலையிலிருந்து இராக்குக்குப் போனவர் அவர். அங்கே ரோடு போடுகிற ஒரு கம்பெனி ரோலர் ஓட்ட ஆள் எடுத்தது. வடக்கே மலைகளில் வேலை. அந்த மலைகளில் இருந்தவர்கள் குர்துகள்; தனி பாஷை, தனி உடுப்பு, ஊருக்கு ஊர் ஒரு மலை. அரசாங்கத்துக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. 1988இல் பட்டாளத்தை அனுப்பி அவர்கள் ஊர்களை ஒவ்வொன்றாகக் காலிசெய்தது. லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஏகப்பட்ட பேர் திரும்பி வரவேயில்லை. நல்லகாமன் அந்த வருஷக் கடைசியில் ஊருக்கு வந்து, ஒரு வருஷம் கழித்துச் செல்லத்தாயைக் கட்டினார். இராக்கைப் பற்றி அவர் வாய் திறந்ததே கிடையாது. வெயில் ஜாஸ்தி என்பார், அவ்வளவுதான்.

நாவலில் வாய் திறந்தார். திறந்தவர் மூடவில்லை.

கதாநாயகன் பேர் அருள்பாண்டி. எழுமலைக்காரன், ரோடு ரோலர் ஓட்டுகிறவன், ஒரே அடியில் பன்னிரண்டு பேரைச் சாய்க்கிறவன். கதாநாயகி ஷிலான் என்ற குர்துப் பெண். மகள் நாகஜோதி காலேஜில் படித்தபோது மிஞ்சிய ரெக்கார்ட் நோட்டுகளில் எழுதினார். ஞாபகம் வராத இடங்களில் எழுமலையைக் கொண்டுபோய் வைத்துவிடுவார். அதனால் குர்து மலையில் வரிசையாகப் புளியமரங்கள் நின்றன. ஷிலானின் அப்பா மீசையை முறுக்கிக்கொண்டு பட்டாள அதிகாரியிடம் உசிலம்பட்டிச் சந்தையில் மாடு விலை பேசுகிற தோரணையில் சவால் விட்டார். ஷிலான் அருள்பாண்டியை முதன்முதலாகப் பார்த்து வெட்கப்பட்டு, முழங்கால் அளவு பனியில் கால் கட்டைவிரலால் கோலம் போட்டாள்.

"விரல் வெறைச்சுப் போகாதா மாமா?" என்று கேட்டது முத்துப்பாண்டி. நல்லகாமனின் அக்கா மகன். கோரிப்பாளையத்தில் ஃபிளக்ஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை, டைப்பிங் எல்லாம் ஒரே அறையில் செய்கிற கடை வைத்திருந்தான். நாவலை டைப் அடித்துக்கொடுத்தவனும் அவன்தான். புத்தகத்துக்கு 'எழுமலைச் சிங்கமும் குர்து மலைக் குயிலும்' என்று பேர் வைத்ததும் அவன்தான். பேரைக் கேட்டு நல்லகாமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

செல்லத்தாய்க்குக் கலங்கவில்லை, எரிந்தது. ஷிலான் என்ற பேரை அவள் உச்சரிக்கமாட்டாள். சீமைக்காரி என்பாள். காதல் அத்தியாயம் எழுதின அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. சண்டை அத்தியாயம் எழுதினால் அப்பளம் கிடைக்கும். இன்னின்ன நாளில் இன்னின்னதுதான் எழுதினோம் என்று இவளுக்கு எப்படித் தெரிகிறது என்பதை ரெண்டு வருஷத்தில் அவர் ஒருநாளும் யோசிக்கவில்லை.

இருபத்து மூன்று அத்தியாயம் முடிந்தது. கடைசியில் பட்டாளம் வருகிறது. அருள்பாண்டி ஷிலானைத் தூக்கி ரோடு ரோலரில் உட்காரவைத்துக்கொண்டு தப்பிக்கிறான். பின்னால் பன்னிரண்டு ஜீப். அதோடு பேனா நின்றுவிட்டது. நாலு மாசமாக இருபத்து நாலாவது அத்தியாயம் வரவில்லை.

முத்துப்பாண்டி அதற்குள் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோரிப்பாளையத்தில் ஒரு சின்ன மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டான். நூறு புத்தகம் அடிக்க மூன்று நாள் போதும், புதன்கிழமைக்குள் கடைசி அத்தியாயம் கையில் இருக்க வேண்டும் என்றான். ஷிலானைக் காப்பாத்துங்க, இல்லாட்டிப் போட்டுத்தள்ளுங்க, ஏதாச்சும் ஒண்ணு முடிவு பண்ணுங்க மாமா என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னதும், யாரிடமும் கோபப்படாத நல்லகாமன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

பாவம், முத்துப்பாண்டிக்கு என்ன தெரியும். அருள்பாண்டிதான் கற்பனை. ஷிலான் நிஜமாகவே இருந்தவள். அவள் என்ன ஆனாள் என்று முப்பத்தேழு வருஷமாக நல்லகாமனுக்குத் தெரியாது. காப்பாற்றி எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று பயம். சாகடித்து எழுதினால், அவர் கையாலேயே அவளைக் கொன்றது மாதிரி ஆகிவிடும். நாலு மாசமாக மனுஷர் ராத்திரியில் தூங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ஃபிளக்ஸ் வந்தது.

வெளியீட்டு விழாவுக்கு ரெண்டு போர்டு, ஒன்று கோச்சடையில், ஒன்று எழுமலை பஸ் ஸ்டாண்டில். கதாநாயகன், கதாநாயகி படம் வேண்டும் என்று நல்லகாமன் சொல்லியிருந்தார். கதாநாயகனுக்குத் தன் 1986 பாஸ்போர்ட் படத்தைக் கூசாமல் எடுத்துக்கொடுத்தார். முக்காடு போட்ட வெளிநாட்டுப் பெண் படம் ஒன்றை முத்துப்பாண்டி கம்ப்யூட்டரையே வரையச் சொல்லி வாங்கிக்கொண்டான். பிறகு பழக்கதோஷம் வேலை செய்தது. வருஷத்துக்கு ஆயிரம் கல்யாண ஃபிளக்ஸ் அடிக்கிறவன் அவன். ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அவன் கைக்குத் தெரிந்த அச்சு ஒன்றுதான். நல்லகாமனுக்குக் கோட்டு சூட்டு மாட்டினான். ரெண்டு பேர் கழுத்திலும் ரோஜா மாலை போட்டான். மேலே விளக்குப் படத்தோடு காலமான பெரியவர்களை வைத்தான். கீழே வழக்கம்போல 'அன்புடன் அழைக்கும் உறவினர்கள்' என்று சொந்தக்காரர்கள் எல்லாரையும் கைகூப்ப வைத்தான். புத்தகத்தின் பேர் நடுவில் ஜிகினா எழுத்தில் இருந்தது. புத்தகம் என்ற வார்த்தைதான் எங்கேயும் இல்லை.

கைகூப்பிய வரிசையில் முதல் ஆள் கருப்பு. செல்லத்தாயின் கூடப்பிறந்த அண்ணன், எழுமலையில் தோட்டம் பார்க்கிறவர். தங்கைக்குப் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு புதன்கிழமை காலை வேனில் கிளம்பியவர், பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். தங்கை புருஷன் மாலையும் கழுத்துமாக ஒரு சீமைப் பெண்ணோடு நிற்கிறான். அந்தக் கல்யாணத்துக்குக் கருப்பு பல்லைக் காட்டிக்கொண்டு ஊரைக் கூப்பிடுகிறார்.

டீக்கடைக்காரர் வேறு, என்னண்ணே, தங்கச்சி சம்மதிச்சிருச்சா என்று கேட்டுவிட்டார்.

பதினோரு மணிக்கு வேன் கோச்சடை வந்தது. ஒன்பது பேர் இறங்கினார்கள். சீர் இறங்கவில்லை. கரும்புக்கட்டு வேனுக்கு வெளியே தோகையை நீட்டிக்கொண்டிருக்க, பானையும் மஞ்சள் கொத்தும் அரிசியும் சேலையும் உள்ளேயே இருந்தன. ஒரு முடிவு தெரியாமல் இறக்கமாட்டேன் என்று கருப்பு சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுத் தெரசா டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார். போட்டவர் அப்படியே ஒன்றில் உட்கார்ந்தும்விட்டார்.

நல்லகாமன் விஷயம் புரியாமல் வேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். கருப்பு செல்போனில் எடுத்த போர்டு படத்தை நீட்டினார். படத்தை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்த நல்லகாமன், கோட்டு நல்லா இருக்கே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அதுதான் நிலைமையை மோசமாக்கியது.

நாவல் என்று விளங்கவைக்க அரைமணி நேரம் ஆனது. கருப்பு நம்பவில்லை. நாவல்னா வாசிங்க மாப்ள, கேப்போம் என்றார். நல்லகாமன் நோட்டை எடுத்துவந்து, சிறந்த பகுதி என்று தான் நினைத்த இருபத்து மூன்றாம் அத்தியாயத்தைக் குரலை உயர்த்தி வாசித்தார். நிலவே, நீ சாட்சி என்று தொடங்கியது. அருள்பாண்டி ஷிலானை ஏற்றிக்கொண்டான். ரோலர் சீறிப் பாய்ந்தது. பின்னால் பன்னிரண்டு ஜீப்.

கருப்பு கையைக் காட்டி நிறுத்தினார். அந்த வண்டி என்ன வேகம் போகும் என்று கேட்டார். நாலு மைல் என்று நல்லகாமன் உண்மையைச் சொன்னார். நான் நடந்தாலே அதை முந்திருவேனே, ஜீப்புக்காரன் வழியில சாப்பிட்டுட்டுக்கூட வந்து பிடிப்பானே என்று கருப்பு நியாயமாகக் கேட்டார். இறக்கத்தில் கொஞ்சம் கூடப் போகும் என்று நல்லகாமன் வாதாடினார். வந்தவர்களில் ரெண்டு பேர், புள்ளையை வண்டியில் ஏத்தாமல் புளியமரத்தில் ஏத்திவிட்டிருக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். வந்த வேலை மறந்து எல்லாரும் ஷிலானைக் காப்பாற்றுவதில் இறங்கிவிட்டார்கள். தெரசா டீச்சர் ஜீப்பில் பெட்ரோல் தீர்ந்துபோகட்டுமே என்றார்.

அப்போதுதான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த செல்லத்தாய் பேசினாள்.

"அது அம்புட்டும் பொய். பதினோராம் அத்தியாயத்தை வாசிக்கச் சொல்லுங்கண்ணே. ரொட்டி குடுக்குற எடம். அதுதான் நெசம்."

நல்லகாமன் நிமிர்ந்து பார்த்தார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"ரெண்டு வருசமா நீங்க மத்தியானம் தூங்கையில படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பொய் எழுதுற எடத்துல எல்லாம் நெலாவைக் கூப்பிடுறீங்க. ரொட்டி வாங்குற எடத்துல நெலா இல்ல, குயில் இல்ல. ரொட்டி இருக்கு, அந்தப் புள்ளை கையில மாவு இருக்கு. அம்புட்டுத்தான் எழுதியிருக்கீங்க." பிறகு கேட்டாள். "அந்தப் புள்ளை என்னாச்சு?"

ரெண்டு வருஷத்தில் முதல்முறையாகச் சீமைக்காரி, புள்ளை ஆகியிருந்தாள்.

நல்லகாமன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ரோலர் ஓட்டுகிற மாதிரியே மெதுவாகத்தான் சொன்னார். பள்ளத்தாக்கிலிருந்து அவள் ஊருக்குப் பதினாலு கிலோமீட்டர். அதுவரைக்கும் கழுதைப்பாதைதான் இருந்தது. ரோடு மேலே ஏற ஏற ஊரே கொண்டாடியது. தினமும் காலையில் ஷிலான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவாள். ரோலர் வருகிற வேகத்துக்கு, பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்து வருவாள். பாதி அவருக்குப் புரியாது. ரோடு முடிந்தால் பஸ் வரும், பஸ் ஏறி டவுனுக்குப் போய் வளையல் வாங்க வேண்டும் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னது மட்டும் புரிந்தது. அவளுக்குப் பதினெட்டு வயசு இருக்கும்.

"ரோடு முடிஞ்சுச்சு. நான்தான் முடிச்சேன். அதுல மொத மொத போனது பஸ் இல்ல மச்சான். பட்டாள லாரி. கேம்ப்ல நின்னு எண்ணுனேன், முப்பத்தோரு லாரி. மறுநா நான் மேல போனேன். ஊர்ல ஒரு ஆள் இல்ல. கோழி மட்டும் திரிஞ்சுச்சு. அவுக வீட்டு அடுப்புக்கிட்ட மாவு பெசஞ்சபடி கெடந்துச்சு."

ரோடு போட்டது உங்க வேலை மாப்ள, லாரியை விட்டது நீங்களா என்று கருப்பு ஆறுதலாகச் சொன்னார். நல்லகாமன் தலையை ஆட்டினார். ஆறுதல் அவருக்கு உறைக்கவில்லை. அதற்குப்பின் மதுரையில் எந்த ரோட்டைப் போட்டு முடித்தாலும், முதலில் ஒரு டவுன் பஸ் போகிறதைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்ததில்லை என்றார். சில நாள் சாப்பாட்டுக்கு அவர் மணிக்கணக்கில் லேட்டாக வந்ததற்கெல்லாம் முப்பத்தஞ்சு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் செல்லத்தாய்க்குக் காரணம் தெரிந்தது.

அவள் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அந்தப் புள்ளை உங்களை என்ன சொல்லிக் கூப்பிடும் என்று கேட்டாள். நல்லகாமன் வேனைப் பார்த்தார், கரும்பைப் பார்த்தார். பிறகு, அவுக பாஷையில அண்ணேன்னு கூப்பிடும் என்று முனகினார்.

"அண்ணேன்னா?"

"ஆமா."

"அதை ஏன் எழுதல?"

காதல் இல்லாட்டி யாரு படிப்பாங்க என்று நல்லகாமன் தரையைப் பார்த்துச் சொன்னார். செல்லத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ரெண்டு வருசம் உப்பில்லாமல் தின்னது உங்களுக்கு நல்லா வேணும் என்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையால் ரெண்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு எழுந்து அண்ணனிடம் போனாள். வேனில் இருக்கிற சீரில் பாதியைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னாள். எதுக்கு என்று கருப்பு கேட்டார்.

"அண்ணேன்னு கூப்பிட்டிருக்கா. அப்ப எனக்கு நாத்தனா. பொறந்த வீட்டுச் சீர் இத்தனை வருசமாப் போகாம இருந்திருக்கு."

கருப்பு சங்கடப்பட்டார். முறை தெரிந்தவர் அவர், முறை தப்பிப் பேசவும் முடியவில்லை. பொறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போகிறது ரெண்டு வகை. உயிரோடு இருக்கிறவளுக்குச் சீர். செத்தவளுக்குக் கோடித்துணி. இதில் எது என்று தெரியாமல் எப்படி ஆத்தா எடுத்து வைக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். நாலு மாசமாக நல்லகாமனைத் தூங்கவிடாத கேள்வி அதுதான். இப்போது கோச்சடைத் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் அது வந்து நின்றது.

"செத்ததை யாரு பாத்தது?" என்றாள் செல்லத்தாய். "பாக்காத சாவுக்கு நான் கோடி எடுக்க மாட்டேன். சீரை எறக்குங்க."

சீர் இறங்கியது. வேனில் இருந்த ரெண்டு சேலையில் ஊதாவைத் தனக்கு வைத்துக்கொண்டாள். பெரிய கரை போட்ட பச்சையை ஷிலானுக்கு எடுத்துவைத்தாள். அதுக்கு இப்ப ஐம்பத்தஞ்சு வயசு ஆகியிருக்கும், ஊதா எடுபடாது என்றாள். அனுப்ப விலாசம் கிடையாது. பச்சைச் சேலை பீரோவில் அவள் சேலைகளுக்குப் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தது. அவளுக்கு எடுத்துவைத்த கரும்பை ஒருத்தரும் தொடக்கூடாது என்று உத்தரவு. சாயங்காலத்துக்குள் கருப்பே ரெண்டு துண்டு ஒடித்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் நல்லகாமன் தூங்கவில்லை. இருபத்து நாலாவது அத்தியாயத்தை எழுதினார். ஒன்றரைப் பக்கம்தான். அருள்பாண்டி அதில் ஒருத்தனையும் அடிக்கவில்லை. ரோலரை நிறுத்திவிட்டு, தான் போட்ட ரோட்டின் முடிவில், கையில் ஒரு சேலையோடு நின்றுகொண்டிருந்தான். நிலா வரவில்லை. செல்லத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் முன்னால் பகிரங்கமாகப் படித்தாள். படித்துவிட்டு, ராத்திரிக்கு என்ன வேணும் என்று கேட்டாள்.

முத்துப்பாண்டிக்கு அன்றைக்கே திட்டு விழுந்தது. மண்டபத்து வாசலுக்குப் புது ஃபிளக்ஸ் அடிக்க வேண்டும், மாலை கூடாது, கோட்டு கூடாது, புத்தகம் என்ற வார்த்தை பெரிதாக இருக்க வேண்டும். எல்லாம் சரி, ஷிலானை எங்கே போடுவது என்று அவன் போனில் கேட்டான். மேலே விளக்குக்குப் பக்கத்திலா, கீழே கைகூப்புகிறவர்கள் வரிசையிலா? நல்லகாமன் போனை அப்படியே செல்லத்தாயிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"கீழ போடு. எனக்குப் பக்கத்துல. அந்தக் கம்ப்யூட்டர் மூஞ்சி வேணாம், கட்டத்துல பேரை மட்டும் போடு."

ஞாயிற்றுக்கிழமை கோரிப்பாளையத்தில் போர்டு நின்றது. சொந்தங்கள் வரிசையாகக் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். செல்லத்தாய்க்கும் கருப்புக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம். அதில் 'தங்கை ஷிலான்' என்று மட்டும் இருந்தது. விழாவுக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, இது யாருண்ணே, படத்தைக் காணோம் என்று கருப்பிடம் கேட்டார்.

"எங்க மாப்ளயோட தங்கச்சி," என்றார் கருப்பு. "வெளியூர்ல இருக்கு."